காதுகுத்துக்கு முன்னால் ஒரு கேமரா: பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மகளுக்கு ஒன்றரை வயது. வரும் மாசிப் பச்சைக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து. கையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. முதல் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமரா வாங்க வேண்டும். கடையில் இரண்டு லென்ஸ் சேர்த்துக் கொடுக்கும் பெட்டியைக் காட்டுகிறார்கள், அதை எடுக்கலாமா, கேனானா நிக்கானா, இல்லை எல்லோரும் சொல்வதுபோல அந்தக் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் பக்கம் போய்விடலாமா என்று கேள்வி. ஒரே மூச்சில் நாலைந்து கேள்வி கேட்டிருக்கிறார், அதனால் பதிலும் கொஞ்சம் நீளும்.

அந்த இரண்டு லென்ஸ் பெட்டி வேண்டாம் தம்பி. பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு 18-55 எம்எம், ஒரு 55-250 அல்லது 70-300 எம்எம். இரண்டும் கெட்ட லென்ஸ் கிடையாது. ஆனால் இரண்டுமே இருட்டில் தடுமாறுகிற லென்ஸ், நீங்கள் எடுக்கப்போவதில் பாதிக்கு மேல் இருட்டில்தான் இருக்கும். மத்தியான வெயிலில் குழந்தையைத் திண்ணையில் உட்காரவைத்து எடுப்பதற்கு உங்கள் போனே போதும், அதில் கேமரா பெரிதாக ஒன்றும் கூட்டித் தந்துவிடாது. போன் திணறுகிற இடம் வேறு. சாயங்காலம் ஏழு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் பிள்ளை கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஓடுகிறது பாருங்கள், அதுதான். அந்தப் படத்துக்காகத்தான் நீங்கள் காசு செலவழிக்கிறீர்கள் என்பதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுசாக ஜூம் செய்தால் அதன் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 5.6, அதற்கு மேல் திறக்காது. இந்த எண் சின்னதானால் துவாரம் பெரிது. 50 எம்எம் எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது, ஜூம் கிடையாது, அது எஃப் 1.8 வரை திறக்கும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். சாதாரணமாக ஒரு டியூப்லைட் போட்ட அறையில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 1600இல் வைத்தால், கிட் லென்ஸுக்கு ஷட்டர் ஸ்பீடு, அதாவது படம் பதியும் நேரம், 1/20 நொடிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அதில் தூங்குகிற குழந்தையை எடுக்கலாம், முழித்திருக்கும் குழந்தையை எடுக்க முடியாது, கை கால் எல்லாம் புகை மாதிரி இழுபட்டிருக்கும். அதே அறை, அதே ஐஎஸ்ஓ, எஃப் 1.8 வைத்தால் 1/200 கிடைக்கும். பிள்ளை சிரிப்பது சிரிப்பாகவே விழும். கிட் லென்ஸில் ஐஎஸ் என்றோ விஆர் என்றோ எழுதியிருக்குமே, ஆட்டத்தைக் குறைக்குமே என்று கேட்பீர்கள். அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் குறைக்கும், குழந்தையின் ஆட்டத்தை ஒன்றும் செய்யாது. இடையில் ஒரு விஷயம்: சில மலிவான எல்இடி பல்பு கரண்ட்டின் துடிப்பிலேயே விட்டுவிட்டு எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். அப்படி வந்தால் 1/100க்கு இறங்கிவிடுங்கள், சரியாகிவிடும்.

சரி, எஃப் 1.8 என்று முடிவாகிவிட்டது, எத்தனை எம்எம்? எம்எம் எண் குறையக் குறையப் படத்தில் அடங்கும் அகலம் கூடும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு 50 எம்எம் வாங்கிவிட்டு, வீட்டில் நின்று எடுக்க இடமில்லாமல் வாசல் வரைக்கும் பின்னால் போகிறார்கள். முதல் கேமராவாக வாங்குகிற எல்லாவற்றிலும் சென்சார் சின்னது, ஏபிஎஸ்-சி என்பார்கள். கேனானில் எம்எம் எண்ணை 1.6ஆல், நிக்கானில் 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்வார்கள். பெருக்கல் கிடக்கட்டும், அடிக்கணக்கில் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு ஒட்டி, ஆளுக்கு எட்டடி தள்ளி நின்றால், 50 எம்எம் லென்ஸுக்குள் சுமார் மூன்றரை அடி அகலம்தான் அடங்கும். குழந்தை முகம், அம்மா மடியில் குழந்தை, அவ்வளவுதான். 35 எம்எம் என்றால் ஐந்தடிக்குச் சற்று மேல். 24 எம்எம் என்றால் ஏழடிக்கு மேல், அதாவது கட்டிலும் அதில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாவும் பேத்தியும் எல்லாம் வந்துவிடும். மாசி வீதிகளுக்குள் இருக்கிற பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள், அகலம் குறைவு, நீளம் அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் 50 எம்எம் மட்டும் வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான். முன்னால் முற்றமோ மொட்டைமாடியோ இருந்தால் அதே 50 எம்எம் அருமையான லென்ஸ், பின்னணி கரைந்துபோய் முகம் மட்டும் நிற்கும்.

ஆகவே நிக்கான் எடுத்தால் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி. யோசிக்கவே வேண்டாம், 2009லிருந்து இருக்கிற லென்ஸ், செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும், குடும்பப் படத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். கேனானில் இதற்கு நேரான மலிவு லென்ஸ் இல்லை, அதுதான் கேனானில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை. அங்கே 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் ஒன்று, வீடு சின்னதென்றால் இ.எஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் ஒன்று. இந்த 24 எம்எம் தட்டையாக, அப்பளம் கனத்தில் இருக்கும், எஃப் 2.8தான் என்றாலும் கிட் லென்ஸின் 5.6க்கு நாலு மடங்கு வெளிச்சம் கூட. 50 எம்எம்மில் பழைய மாடல் ஒன்றும் சந்தையில் கிடக்கிறது, எஃப் 1.8 II என்று எழுதியிருக்கும், கேமராவில் மாட்டும் மவுன்ட்டே பிளாஸ்டிக், ஃபோகஸ் செய்யும்போது கரகரவென்று சத்தம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் எஸ்டிஎம்மையே எடுங்கள்.

கிட் லென்ஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வெளியில், பகலில், பதினைந்து பேரை நிற்கவைத்துக் குரூப் போட்டோ எடுக்க 18-55 தேவை. குரூப் எடுக்கும்போது எஃப் 1.8 வைக்கவும் கூடாது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா தெளிவாக இருப்பார், பின்னால் நிற்கும் மாமா சித்தப்பாமார் மங்கிப்போவார்கள், அப்புறம் அடுத்த கல்யாணம் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6, மூன்று வரிசை என்றால் எஃப் 8. ஆக, ஒரு பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, ஒரு 18-55, ஜூம் இல்லாத வெளிச்சமான பிரைம் லென்ஸ் ஒன்று. 55-250ஐ இப்போது வாங்க வேண்டாம். பாப்பா பள்ளிக்கூடம் போய் ஆண்டுவிழாவில் ஆடும்போது, இல்லையென்றால் உங்களுக்கே அலங்காநல்லூரில் காலரியில் உட்கார்ந்து மாடு எடுக்கும் ஆசை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி பாடி. ஐம்பதாயிரத்தில் புதுசு வாங்கினால் லென்ஸுக்குக் காசு மிஞ்சாது, அதனால் பாடியைச் செகண்ட் ஹேண்டில் எடுங்கள் என்பதுதான் என் யோசனை. கேனானில் 200டி. 2017இல் வந்தது, பேட்டரியோடு அரைக்கிலோவுக்கும் குறைவு, வீட்டம்மா கையிலும் பாரமாக இருக்காது. முக்கியமாக, திரையைப் பார்த்து எடுக்கும்போதும் வீடியோவிலும் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும், டூயல் பிக்சல் என்று பெயர், 70டியில் 2013இல் தொடங்கியது. திரையைத் திருப்பிக் கேமராவைத் தரையோடு வைத்துக் குழந்தை உயரத்திலிருந்து எடுக்கலாம், பிள்ளைகள் படத்தில் பாதி அழகு அதில்தான் இருக்கிறது. 1500டி, 3000டி இரண்டிலும் இந்த வசதி கிடையாது, திரையும் திரும்பாது, விலை குறைவு என்று அதில் விழ வேண்டாம். நிக்கானில் டி5600 நல்லது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் 39 ஃபோகஸ் புள்ளிகள், 200டியில் ஒன்பதுதான். ஆனால் நிக்கான் திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் மெதுவாக ஊரும், கண்ணை ஒட்டி வைத்தே எடுக்கப் பழகிக்கொள்ள வேண்டும். டி3500ம் மோசமில்லை, திரை மட்டும் அசையாது.

நிக்கானில் ஒரு கண்ணி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். 50 எம்எம் எஃப் 1.8டி என்று ஒரு பழைய லென்ஸ் மலிவாக வரும், மாட்டினால் மாட்டும், ஆனால் கையால்தான் திருக வேண்டும், ஓடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமில்லை. லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் ஏஎஃப்-பி வகை டி3100, டி5100 மாதிரிப் பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. கேனானில் இந்தத் தலைவலி இல்லை, 1987லிருந்து வந்த எந்த இ.எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸும் 200டியில் வேலை செய்யும். உங்கள் மச்சானோ சித்தப்பா மகனோ ஏற்கனவே ஒரு கம்பெனி கேமரா வைத்திருந்தால் அதே கம்பெனியை எடுங்கள், லென்ஸைக் கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம். மற்றபடி கேனானா நிக்கானா என்பதில் சண்டை போட ஒன்றுமில்லை.

மிர்ரர்லெஸ் பற்றி எல்லோரும் சொல்வது பொய்யில்லை. கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதுவும் கொண்டுவரவில்லை, போகிற பாதை மிர்ரர்லெஸ்தான். கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வதில் கேனான் ஆர்50 மாதிரிக் கேமராவுக்கு முன்னால் 200டி நிற்க முடியாது. இன்னும் கொஞ்சம் காசு புரட்ட முடிந்தால், அதாவது மிர்ரர்லெஸ் பாடியோடு ஒரு எஃப் 1.8 லென்ஸும் சேர்த்து வாங்க முடிந்தால், தாராளமாக அதற்கே போங்கள். ஆனால் இருக்கிற ஐம்பதாயிரத்தையும் ஒரு ஆரம்பநிலை மிர்ரர்லெஸ் பெட்டியில் போட்டுவிட்டு அதோடு வரும் 18-45 லென்ஸோடு நிற்பதென்றால், அந்த லென்ஸ் 45 எம்எம்மில் எஃப் 6.3, பழைய கிட் லென்ஸைவிடவும் இருட்டு. கேமரா கண்ணைச் சரியாகப் பிடிக்கும், வெளிச்சம் போதாமல் படம் சொரசொரவென்று புள்ளி விழுந்து வரும். ஊரே டிஎஸ்எல்ஆரை விட்டு இறங்குவதால்தான் செகண்ட் ஹேண்டில் நமக்குக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நாளைக்கு நீங்களும் கேனான் மிர்ரர்லெஸுக்கு மாறினால் இதே லென்ஸ்களை ஓர் அடாப்டர் போட்டு அதில் மாட்டிக்கொள்ளலாம், ஃபோகஸ் உட்பட எல்லாம் வேலை செய்யும்.

செகண்ட் ஹேண்டில் இரண்டு வகை கேமரா வரும். ஒன்று ஸ்டூடியோக்காரர் கை மாறியது. முகூர்த்த சீசனில் ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் ஷட்டர் ஓடியிருக்கும், பாடியில் ரப்பர் தளர்ந்திருக்கும், ஆனால் தினமும் வெளியே எடுத்துப் புழங்கியதால் லென்ஸில் பூஞ்சை இருக்காது. இன்னொன்று வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்து, நாலு விசேஷத்துக்கு எடுத்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியது. பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, ரொம்பக் கம்மி, லென்ஸுக்குள் மட்டும் பங்கஸ் படர்ந்திருக்கும். நான் பாடியை இரண்டாவது ஆளிடமும் லென்ஸை முதல் ஆளிடமும் வாங்கச் சொல்வேன். இந்த ஆரம்பநிலைப் பாடிகளின் ஷட்டரைச் சுமார் ஒரு லட்சம் படத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் செய்கிறார்கள். முப்பதாயிரத்துக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நிக்கானில் எடுத்த ஒரு படத்தோடு சேர்ந்து பதிவாகும் எக்சிஃப் தகவலிலேயே கவுன்ட் இருக்கும், கேனானில் அப்படிப் படத்திலிருந்து கிடைக்காது, அதற்கென்று உள்ள மென்பொருளில் கேபிள் போட்டுப் பார்க்க வேண்டும்.

லென்ஸைப் பார்க்கும் விதம் இது. இரண்டு பக்க மூடியையும் கழற்றுங்கள். போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், படத்தில் வராது. நூல் நூலாக, சிலந்திவலை மாதிரி கிளை விட்டு ஓரத்திலிருந்து உள்ளே படர்ந்திருந்தால் அது பங்கஸ், விலை எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். அப்புறம் பாடியில் லென்ஸை மாட்டி எஃப் 16 வைத்து வெளியே போய் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சாரில் அழுக்கு இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். துடைக்கலாம், ஆனால் அதைக் காட்டி விலையில் ஏதாவது குறைக்கச் சொல்லலாம். பழைய பில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி சார்ஜர்தானா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு உங்கள் வீட்டுப் பீரோவிலும் அதே கதி வரக் கூடாதே. மதுரை வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்துதான் கிடக்கும், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் துணியே இரண்டு நாள் காயாது, பங்கஸுக்கு அது போதும். ரப்பர் வளையம் போட்ட காற்றுப்புகா டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு மூன்று. நிறம் மாறுகிற ஜெல் என்றால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். அரிசி மூட்டைக்குள் வைக்கிற வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூசிதான் ஏறும். பட்டுப்புடவை அடுக்குக்கு நடுவில் அந்துருண்டையோடு வைப்பதும் கூடாது, நாஃப்தலின், கற்பூரம் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று கேமராவோடு வரும் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

பிளாஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். கேமராவிலேயே எழும்பி நிற்கும் சின்ன பிளாஷ் முகத்தை எண்ணெய் வடிய வைக்கும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். காசு கொஞ்சம் மிஞ்சினால் தலை திரும்புகிற ஒரு பிளாஷ் வாங்கி, அதை மேலே வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டு அடியுங்கள், கூரையே பெரிய விளக்காகிவிடும். கான்கிரீட் வீட்டில் இது பிரமாதமாக வேலை செய்யும். ஓட்டு வீட்டில் பலிக்காது, ஓடு வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மிச்சத்தைச் செம்மண் நிறத்தில் திருப்பித் தரும். அங்கே பக்கத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்ப வேண்டியதுதான். கேனான் 1500டி, 3000டி, 200டி II மூன்றிலும் பிளாஷ் மாட்டும் இடத்தில் நடு ஊசி இல்லை, மலிவான சாதா பிளாஷ் எரியாது. பழைய 200டியில் அந்தப் பிரச்சினை இல்லை, நான் அதைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்தக் காதுகுத்து நாள். குலசாமி கோயிலில் மரத்தடி, அதை ஒட்டி ஒரு சாமியானா, இதுதான் இடமாக இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டியிருப்பார்கள். அதற்கு அடியில் உட்கார்ந்தால் தாய்மாமன் முகம் சிவப்பு, பாப்பாவின் மொட்டைத் தலையில் சந்தனத்துக்கு மேல் இன்னொரு மஞ்சள், பத்தர் கை ஒரு நிறம். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படித் திருகினாலும் அது போகாது, ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று நீலமாகும். முந்தின நாளே சொல்லிவைத்து, மனைக்கட்டையைச் சாமியானாவின் ஓரத்தில், வெளிவெளிச்சம் பக்கவாட்டில் வருகிற மாதிரி போடச் சொல்லுங்கள். வெள்ளைத் துணி கிடைத்தால் இன்னும் நல்லது. முழு வெயிலில் மட்டும் போட வேண்டாம், உச்சி வெயிலில் கண்குழியெல்லாம் கறுப்பாகிவிடும், பிள்ளையும் கண்ணைத் திறக்காது.

பத்தர் ஊசியை எடுத்தால் முடிய இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் கூட்டம் முழுக்கக் குனியும், பின்னால் நிற்பவருக்கு முதுகுகள்தான் தெரியும். எந்தக் காதை முதலில் குத்துவார் என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், தொடர்ந்து எடுக்கிற முறையில் வைத்து, 1/250க்குக் குறையாமல், எஃப் 2.8 அல்லது 4, மற்றதை ஆட்டோ ஐஎஸ்ஓ பார்த்துக்கொள்ளும். ஃபோகஸைப் பாப்பாவின் கண்ணில் வையுங்கள், காதில் வேண்டாம். அழுகையும் அதற்கு ஒரு நொடி முன்னால் நடப்பது புரியாமல் விழிக்கிற விழியும்தான் படம்.

ஆனால் தம்பி, அன்றைக்கு நீங்கள் அப்பா. சீர்த்தட்டு எங்கே, கிடா வந்ததா, பந்தியில் இலை போட்டாச்சா என்று நாலு பக்கமும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், போதாததற்கு நீங்களும் படத்தில் இருக்க வேண்டும். மச்சானிடம் கொடுக்கலாம் என்றால் மடியில் பிள்ளையை வைத்திருப்பவரே அவர்தான். எனவே உள்ளூர் ஸ்டூடியோவில் ஒருவரை அரைநாளுக்குச் சொல்லிவிடுங்கள், கேமரா வாங்கிவிட்டோமே என்று அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். உங்கள் கேமராவைப் படம் எடுக்கும் ஆசை உள்ள தம்பி தங்கை யாரிடமாவது கொடுத்து, ஓரங்களை எடுக்கச் சொல்லுங்கள். கிழவிகள் பேசிக்கொண்டிருப்பது, பொங்கப்பானை, முடி இறக்கும்போது அக்காள் மக்கள் வேடிக்கை பார்ப்பது என்று ஸ்டூடியோக்காரர் எடுக்காததெல்லாம் அதில் வரட்டும்.

தை பிறக்கும் முன்பே கேமரா கைக்கு வந்துவிட்டால் பழக நேரம் கிடைக்கும். ஒரு ஞாயிறு திருமலை நாயக்கர் மகாலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள், நடு முற்றத்து வெளிச்சம் தூண்களுக்கு நடுவில் பக்கவாட்டாக வந்து விழும், சாமியானா ஓரத்தில் கிடைக்கப்போவதும் அதே மாதிரி வெளிச்சம்தான். இன்னொரு நாள் வண்டியூர் தெப்பக்குளத்தில் பொழுது சாய்கிற நேரம், எஃப் 1.8 வைத்து ஐஎஸ்ஓவை ஏற்றி ஏற்றி எடுத்து, எதுவரைக்கும் ஏற்றினால் உங்கள் கண்ணுக்குப் பொறுக்கிறது என்று பார்த்து அந்த எண்ணை ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சவரம்பாகப் போட்டுவையுங்கள். 200டியோ டி5600ஓ எதுவானாலும் 3200 வரைக்கும் நாலுக்கு ஆறு பிரிண்ட்டில் குறை தெரியாது. கூடுதலாக ஒரு பேட்டரியும் 64 ஜிபி கார்டு இரண்டும் வாங்கிவிடுங்கள், குலசாமி கோயிலில் பிளக் பாயின்ட் இருக்காது.